உள்ளே ஆள் இருக்கு

பாலத்தின் மேல் வண்டி நின்றுபோனபோது ரேணுகாவுக்குப் பயம் வரவில்லை. முதலில் வந்தது ஒரு நிம்மதிதான். முன்னால் போக வழியில்லை, பின்னால் திரும்பவும் வழியில்லை. இனி கொஞ்ச நேரத்துக்கு எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வைப்பரை நிறுத்த மறந்திருந்தாள். அது பாட்டுக்கு இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருந்தது.

வெளிவட்டச் சாலையின் அந்த மேம்பாலத்தில் நேற்று மாலையே பாதி இடம் போய்விட்டிருந்தது. புயல் என்று டிவியில் சொன்ன உடனே சுற்றுவட்டாரத்து அடுக்குமாடிக்காரர்கள் கார்களைக் கொண்டுவந்து பாலத்தின் ஓரமாக ஒன்றையொன்று இடிக்காத குறையாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வெள்ளத்தில் வண்டியைப் பறிகொடுத்தவர்கள் அடுத்த வெள்ளத்துக்குள் கற்றுக்கொண்ட வித்தை அது. உறை போட்டு, கயிறு கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, சந்தைக்கு வந்த மாடுகள் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒற்றைத் தடத்தில்தான் காலையில் வந்தவர்கள் ஊர்ந்தார்கள். பாலம் இறங்குமிடத்தில் கூவம் கரையை மீறிச் சாலையின் குறுக்கே ஓடுகிறது என்று முன்னால் இருந்தவர்கள் கத்திச் சொல்லி, அது பின்னால் வந்து சேர்வதற்குள் ஏறிவந்த பக்கமும் மூழ்கிவிட்டது. லாரி, கார், பால் வண்டி, ஷேர் ஆட்டோ என்று கலந்துகட்டி எல்லோரும் பாலத்தின் முதுகில் நின்றார்கள்.

பின் சீட்டில் இரண்டு பைகள். ஒன்றில் துணி. இன்னொன்றில் அவளுடைய சர்டிபிகேட்டுகள் வைத்த ஃபைல், பாஸ்போர்ட், அம்மாவின் ஒரு போட்டோ. வேலூரில் இருக்கும் அக்காவிடம் "ஒரு வாரம் வந்து இருக்கப்போறேன்" என்றுதான் சொல்லியிருந்தாள். ஒரு வாரத்துக்குப் போகிறவள் பி.எட். சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போக மாட்டாள் என்பது அக்காவுக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்காமல் இருப்பாள் என்பதால்தான் அங்கே போகிறாள்.

கணவன் சேகரிடம் எதுவும் சொல்லவில்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் அதிலேயே சொல்லியிருக்கலாம். அவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட். அவள் முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் டிபன் கட்டும்போது அவன் வருவான். அவள் திரும்பும்போது அவன் ஷூ மாட்டிக்கொண்டிருப்பான். ஷூ ரேக்குக்கும் கதவுக்கும் நடுவே இருந்த ரெண்டடி இடத்தில்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை நடந்தது. மீதி நேரமெல்லாம் ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் காப்பாற்றினார்கள். லீவு நாட்களில் அவள் மிக்ஸி போட மாட்டாள், குக்கர் வைக்க மாட்டாள், டிவியைச் சத்தமில்லாமல் பார்ப்பாள். போனில் பேசுவதென்றால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாள். இன்று மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை என்று செய்தி வந்தபோது, அந்த நீளமான பகலை மறுபடியும் நுனிக்காலில் நடந்து கழிக்க வேண்டும் என்று நினைத்ததுமே அவளுக்கு மூச்சு முட்டியது. பையை எடுத்து வெளியே வைத்தாள். புயல் சாயங்காலத்துக்கு மேல்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஹவுஸ்கீப்பிங் சட்டையை நைலான் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையில் பாலிதீன் கவரோடு நின்றாள்.

"யம்மா, கொஞ்சம் உள்ள ஒக்காந்துக்கவா? ஆட்டோல ரெண்டு பக்கமும் சாரல் அடிக்குது. நடுங்கிகினு கீறேன்."

ரேணுகா முன்கதவைத் திறந்தாள். அவள் ஏறியதும் கார் முழுக்க பினாயில் வாசனையும் ஈர வாசனையும் நிறைந்தன. பெயர் அங்கம்மா, வீடு அண்ணனூர், நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை, டூட்டிக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டாள் என்பதெல்லாம் அவள் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தாள்.

"ஊருக்கா?"

"வேலூர். அக்கா வீட்டுக்கு."

"இந்த மழையிலயா? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லையே."

"அப்போ சண்ட," என்றாள் அங்கம்மா, பஸ் நம்பரைச் சொல்வது மாதிரி.

"சண்டையெல்லாம் இல்ல."

"அடிப்பானா?"

"சேச்சே."

"குடியா?"

"இல்லக்கா."

"வேற எவளாச்சும்?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா?" அங்கம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. ரேணுகா பதில் தேடினாள். இத்தனை நாளும் மனசுக்குள் எத்தனையோ பேரிடம் இதை விளக்கியிருக்கிறாள். பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில், அக்காவிடம், கண்ணுக்குத் தெரியாத ஒரு நீதிபதியிடம்கூட. ஒருவரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

அதற்குள் ஒரு ஆள் வண்டிகளுக்கு நடுவே நடந்து வந்தார். அப்துல் ரசாக். பாலத்தின் நடுவே நின்ற தண்ணி லாரியின் டிரைவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாக நின்று செய்தி சொல்லிக்கொண்டு வந்தார்.

"அந்தப் பக்கம் நெஞ்சளவு ஓடுது. எவரும் எறங்காதீங்க. ஆவடி பக்கமும் அவுட்டு. பருத்திப்பட்டு ஏரி ரொம்பி தெருக்குள்ள பூந்துடுச்சாம். எங்க மச்சான் போன் பண்ணான். கீழ்ப்போர்ஷன் எல்லாம் முங்கிடுச்சு."

"பருத்திப்பட்டா?" என்றாள் ரேணுகா. அவள் வீடு அங்கேதான், கீழ்ப்போர்ஷன்.

"ஆமா தங்கச்சி. ஏரி பக்கத்துத் தெருங்க எல்லாம்."

அவளுடைய கை, அவள் சொல்லாமலே, மடியிலிருந்த கைப்பைக்குள் போனது. சீப்பு, பேனா, மாத்திரை அட்டை. அடியில் சில்லென்று இரும்பு. ஒரு கம்பி வளையம், அதில் இரண்டு சாவிகள். இரண்டும்.

பழைய பூட்டு துருப்பிடித்துப்போய், போன ஞாயிற்றுக்கிழமை ஆவடி மார்க்கெட்டில் புதிது வாங்கினாள். சேகருக்கு ஒரு சாவியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். கம்பி இறுக்கமாக இருந்ததால் நகம் வலிக்கும், நாளைக்கு என்று விட்டுவிடுவாள்.

தினமும் காலையில் அவள் வெளியே இருக்கும் கிரில் கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். கொரியர்காரன், வாட்டர் கேன் பையன், நன்கொடை கேட்டு வருகிறவர்கள் யாரும் பெல் அடிக்கக் கூடாது. வெளியே பூட்டு தொங்கினால் வீட்டில் ஆளில்லை என்று போய்விடுவார்கள். உள்ளே சேகர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, போனை மௌனமாக்கி அலமாரியில் போட்டுவிட்டு, மூன்று மணி வரைக்கும் கட்டை மாதிரி தூங்குவான். கல்யாணமான புதிதில் அவள் கண்டுபிடித்த யோசனை அது. அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இன்று பூட்டினாளா?

பையை வெளியே வைத்தது ஞாபகம் இருந்தது. மழையில் செருப்பு வழுக்கியது ஞாபகம் இருந்தது. காரின் டிக்கி திறக்காமல் பின் சீட்டில் பையைத் திணித்தது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்தது எல்லாம் இருந்தது. நடுவில் பூட்டு மட்டும் இல்லை. கை எப்போதும் செய்கிற வேலையை மனசு எங்கே எழுதி வைக்கிறது?

சேகருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். அலமாரிக்குள் அந்தப் போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்து அணைவதை அவளால் பார்க்க முடிந்தது. நான்காவது தடவை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு குரல் சொன்னது.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா சரசாவுக்குப் போட்டாள். பல தடவைக்கு அப்புறம் கிடைத்தது. பின்னால் தகரக் கூரையில் மழை இடிக்கிற சத்தம்.

"ஆங், டீச்சரா? நல்ல காரியம் பண்ணீங்க டீச்சர், காலங்காத்தால ரெண்டு பேரும் கெளம்பிட்டீங்க. பை எல்லாம் ஏத்திகினு கார் போறத பாத்தேன். இங்க தெருவே ஆறா ஓடுது. உங்க படி முங்கிடுச்சு. பூட்டு நல்லாதான் தொங்கிகினு கீது, கவலப்படாதீங்க, எவனும்..."

"அக்கா, அவரு உள்ள இருக்காரு! அக்கா! உள்ள ஆள் இருக்கு!"

எப்போது துண்டித்தது என்று தெரியவில்லை. அவள் சொன்னதில் எது போய்ச் சேர்ந்தது என்றும் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. நூற்றுக்குப் போட்டாள், அதுவும் போகவில்லை.

அங்கம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு உள்ள?"

"வீட்டுக்காரர். நைட் டூட்டி. தூங்கிட்டிருக்காரு. நான் வெளிய பூட்டிட்டு வந்துட்டேன்."

அங்கம்மாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "புருசன பூட்டி வெச்சிட்டு அக்கா ஊட்டுக்குப் போறியா? யம்மாடி, நானெல்லாம் முப்பது வருசமா இந்த யோசன இல்லாம..." அத்தோடு நின்றுவிட்டாள். சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியது. "சாவி?"

ரேணுகா உள்ளங்கையை விரித்தாள்.

"ரெண்டுமே உங்கிட்டயா? பின்பக்கம் வாசல் இல்லையா?"

"எல்லாம் கிரில். திருடனுக்குப் பயந்து போட்டது."

கதவைத் திறந்துகொண்டு ரேணுகா இறங்கி நடந்தாள். ஏறிவந்த பக்கத்தை நோக்கி, குடையில்லாமல். வீடு ரொம்ப தூரமில்லை, வெயில் நாளில் வண்டியில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் வீட்டுக்குப் போகும் திருப்பம் வந்துவிடும். சரிவில் இறங்க இறங்கச் சாலை காணாமல் போனது. தடுப்புக் கம்பியின் தலை மட்டும் தெரிந்தது. முழங்கால் வரைக்கும் போனவளின் காலைத் தண்ணீர் பக்கவாட்டில் இழுத்தது, யாரோ கணுக்காலைப் பிடித்துத் திருப்பியது போல. விழப்போனவளின் தோளில் கிடந்த கைப்பையைப் பின்னாலிருந்து ஒரு கை கொத்தாகப் பிடித்தது.

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா? எறங்காதீங்கன்னு இப்பதான சொல்லிட்டு வரேன்!" என்று ரசாக் கத்தினார். பின்னாலேயே அங்கம்மா மூச்சு வாங்க வந்தாள்.

"திட்டாத பாய். இவ புருசன் ஊட்டுக்குள்ள மாட்டிகினு கீறான். பருத்திப்பட்டு. கீழ்ப்போர்ஷன். வெளில பூட்டு, சாவி இங்க."

ரசாக் கையை விட்டார். "யா அல்லா" என்று வாய்க்குள் சொன்னார்.

"உங்க லாரி போகுமா?" என்று கேட்டாள் ரேணுகா.

அவர் திரும்பி லாரியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பார்வையைத் தவிர்த்தார். "உசுரு விஷயம் தங்கச்சி. பள்ளம் எங்க, மேடு எங்கன்னு தெரியாது. வண்டி சாஞ்சிதுன்னா உன் உசுருக்கும் சேத்து நான் பதில் சொல்லணும். ஃபயர் சர்வீஸ் போட்டு வரட்டும். வந்துடும்."

"எப்போ வரும்?"

அவர் கைலியை இறக்கி மறுபடி மடித்துக் கட்டினார்.

"தண்ணி லாரி வெச்சிகினு தண்ணிக்குப் பயந்த மொத ஆளு நீதான் பாய்," என்றாள் அங்கம்மா.

"யக்கா, நீ சும்மாரு. லோடு ஃபுல்லா கீது."

"லோடு இருந்தா நல்லதுதானே, காத்துல பறக்காது. நானும் வரேன், போதுமா? எனக்கு அண்ணனூரு, அந்தப் பக்கந்தான் போவணும். நான் செத்தா கேக்க ஆளில்ல, என் மருமவ உனக்கு மால வாங்கிப் போடுவா."

ரசாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க மீசையைத் துடைத்துக்கொண்டார். "திருப்பணுமே. இந்தக் காரெல்லாம் மறிச்சிகினு கீதே."

லாரி திரும்புவதற்கு ஒரே ஒரு காரின் இடம் போதும். அந்தக் கார் சாம்பல் நிற உறைக்குள் இருந்தது. உறையைத் தூக்கினால் உள்ளே ஒரு இளைஞன் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். கிஷோர் என்று பெயர். பக்கத்து அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. நேற்றிரவிலிருந்து புதுக் காருக்குக் காவல்.

"எப்படிங்க எடுக்கறது? முன்னாடி ஒரு இன்ச் இல்ல, பின்னாடி ஒரு இன்ச் இல்ல. ஓனருங்க எல்லாம் ஹேண்ட் பிரேக் போட்டுட்டுப் போயிட்டாங்க."

"தூக்கிடலாம் நைனா," என்றார் ரசாக். "பின்பக்கத்த மட்டும் தூக்கி ஓரமா சாய்ச்சா போதும்."

"தூக்கறதா? புது வண்டிங்க. அந்தச் சுவத்துல உரசிடும்."

"ராத்திரி பூரா காருக்குக் காவலு. பொண்டாட்டிக்கு யாரு காவலு?" என்று குறுக்கே புகுந்தாள் அங்கம்மா.

"அவ மூணாவது மாடில பத்திரமா இருக்கா," என்றான் கிஷோர் கோபமாக.

"இந்தம்மா ஊட்டுக்காரரு தரையில கீறாரு," என்றாள் அங்கம்மா. "பூட்டின ஊட்டுல."

கிஷோர் ரேணுகாவைப் பார்த்தான். ஈரத்தில் ஒட்டிய தலைமுடியும் இறுக மூடிய கையுமாக அவள் நின்றாள். அவன் இறங்கி, உறையைச் சுருட்டி உள்ளே எறிந்துவிட்டு, தானே பம்பருக்கடியில் கையைக் கொடுத்தான். ஆட்டோ டிரைவர், பால் வண்டிக்காரர், யார் யாரோ வந்தார்கள். ஏலேலோ என்று ஒருவன் விளையாட்டாக ஆரம்பிக்க, எல்லோரும் அதே சுதியில் தூக்கினார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கார் கிறீச்சென்று உரசியது. கிஷோர் கண்ணை மூடிக்கொண்டான்.

பின்னால் நின்ற வண்டிகள் ஓரமாக ஒண்டி வழிவிட, லாரி திரும்பியது. அதன் கேபின் உயரமாக இருந்தது. நடுவில் அங்கம்மா, ஓரத்தில் ரேணுகா. சரிவில் இறங்கும்போது ரசாக் பிஸ்மில்லா சொல்லி முதல் கியரில் போட்டார், அப்புறம் மாற்றவே இல்லை. தண்ணீர் படிக்கட்டுவரை ஏறி, கதவின் இடுக்கு வழியாகக் காலடிக்கு வந்தது. பின்னால் டேங்கரில் இருந்த தண்ணீர் தளும்பிய ஒவ்வொரு தடவையும் வண்டி முன்னும் பின்னும் அசைந்தது. ரேணுகாவின் வலது கால் இல்லாத ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தது. அங்கம்மா அவளுடைய போனை வாங்கி விடாமல் எண்களை அழுத்தினாள்.

வெளியே எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. பார்க்க ஒன்றும் இல்லாததால் அவள் உள்ளே பார்க்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில் இப்போது எதுவரை தண்ணீர்? கட்டில் உயரம் அவளுக்குத் தெரியும். சேகர் குப்புறப் படுத்துத் தூங்குவான், ஒரு கை கீழே தொங்கும். முதலில் விரல் நனையும். விரல் நனைந்தால் விழிப்பானா? விழித்துவிட்டால் கிரில்லுக்குத்தான் வருவான். வந்து, பூட்டைப் பார்த்து, என்ன நினைப்பான்?

அப்போது இன்னொரு நினைப்பும் வந்தது. அவன் விழிக்காமலே போயிருந்தால், யாரும் அவளிடம் ஏன் போனாய் என்று கேட்க மாட்டார்கள். வேலூர், சர்டிபிகேட், எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஒரு ஈ வந்து கைமேல் உட்காருவதைப் போல அந்த நினைப்பு அவ்வளவு சாதாரணமாக வந்து உட்கார்ந்தது. அவள் அதை விரட்டவில்லை. என்னுடையதுதானா என்று பார்த்தாள். அவளுடையதுதான். அதற்குப் பின்னால்தான் அவளுக்கு உடம்பு உதற ஆரம்பித்தது.

"குளுருதா?" என்றாள் அங்கம்மா.

"சீக்கிரம் போகச் சொல்லுங்கக்கா."

"பாய், கேட்டியா? டீச்சரம்மா சீக்கிரம் போவச் சொல்றாங்க. ரெக்கைய விரி."

"அந்த வாய மூடிகினு வந்தா ரெண்டு நிமிசம் முன்னாடி போவலாம்," என்றார் ரசாக். அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பருத்திப்பட்டுத் தெருமுனையில் லாரி நின்றது. அதற்குமேல் சந்து குறுகல், பள்ளமும் கூட. ஏரிப் பூங்காவில் குழந்தைகள் மிதித்து ஓட்டும் வாத்துப் படகு ஒன்று கட்டறுத்துக்கொண்டு வந்து டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் முட்டி நின்றது, மஞ்சள் மூக்கும் சிரித்த வாயுமாக. அங்கம்மா கேபினிலேயே இருந்தாள். ரசாக் லாரியிலிருந்து கயிற்றை எடுத்து ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை ரேணுகாவின் இடுப்பிலும் கட்டினார். மதில்களைத் தடவிக்கொண்டே போனார்கள். இடுப்புக்கு மேல் தண்ணீர்; அதில் செருப்புகள், ஒரு சமையல் சிலிண்டர், யாருடையவோ ஸ்கூல் பை.

வீட்டை நெருங்குவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. டங், டங் என்று இரும்பின்மேல் இரும்பு. சற்று இடைவெளி விட்டு மறுபடியும் டங்.

சேகர் கிரில்லுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலிமேல் நின்று, குனிந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தோசைக்கல்லால் பூட்டை அடித்துக்கொண்டிருந்தான். கை வளைகிற கோணத்தில் அடி பூட்டின்மேல் விழவே இல்லை, கம்பியில்தான் விழுந்தது. விரல் முட்டிகளில் ரத்தம். பனியனோடு இருந்தான். அவளைப் பார்த்ததும் நிறுத்தினான். தோசைக்கல் கையில் இருந்தது.

"சேகர்," என்றாள்.

பூட்டின் அடிப்பாதி தண்ணீருக்குள் போயிருந்தது. சாவித் துவாரத்தை விரலால் தேடினாள். முதல் தடவை சாவி உள்ளே போகவில்லை. இரண்டாவது தடவை திரும்பவில்லை. அவனுடைய மூச்சு அவள் தலைக்கு மேல் கேட்டது. அவன் அவசரப்படுத்தவில்லை. பூட்டு வாயைத் திறந்தபோது ரசாக் வெளியேயிருந்து இழுக்க, அவன் உள்ளேயிருந்து தள்ள, தண்ணீரின் கனத்தோடு கிரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தது.

"செல்லு உள்ளயே போயிடுச்சு," என்றான் சேகர், வெளியே வந்ததும்.

தெருமுனையிலிருந்து அங்கம்மாவின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ஆள் கீறாரா?"

"கீறாரு! கீறாரு!" என்று ரசாக் திருப்பிக் கத்தினார். ரேணுகாவின் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். அவள் கைகூப்பப் போனாள். "அதெல்லாம் அப்புறம், மொதல்ல மேல ஏறுங்க" என்று இருவரையும் மாடிப்படியில் ஏற்றிவிட்டு, மதிலைப் பிடித்தபடி திரும்பிப் போனார்.

சரசா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ சாரு, நீங்க உள்ளயா இருந்தீங்க? டங்கு டங்குன்னு கேட்டுதே, ஃபிரிட்ஜிதான் மெதந்து முட்டுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்! இந்தத் தகரத்து எரைச்சல்ல நீங்க கூப்ட்டது காதுல வுழல. டீச்சர் போன்ல இன்னாவோ கத்துனாங்க, ஒண்ணும் வெளங்கல. பெரும்பாவி நான், எட்டிப் பாத்தேனா!"

துண்டு கொடுத்தாள், தன் மகனின் சட்டை கொடுத்தாள், டீ வைத்தாள். இருவரும் படியின் மேல்தட்டில் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்தார்கள். கீழே வீட்டுக்குள் தண்ணீர் பொருள்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காரு எங்க டீச்சர்?"

"பாலத்து மேல."

"அதான பாத்தேன்!" சரசாவின் முகம் தெளிந்தது. "கெட்டிக்காரி டீச்சர் நீங்க. எல்லாரும் காரை மட்டும் பாலத்துல வுட்டுட்டு வருவாங்க. நீங்க துணிமணி, பை எல்லாத்தையும் அதுல ஏத்தி மேல வெச்சிட்டு வந்துட்டீங்க. சாரை எழுப்பிட்டுப் போயிருக்கலாம், அது ஒண்ணுதான்." பக்கத்து மாடியில் நின்ற பெண்ணிடமும் அதைச் சொல்லப் போனாள்.

சேகர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "தண்ணி வந்ததும் முதல்ல உன் ஃபைலை எடுக்கத்தான் ஓடினேன். பீரோ கீழ்த்தட்டுல இருக்கும்ல, நனைஞ்சிடும்னு." கொஞ்சம் நிறுத்தினான். "காலியா இருந்துச்சு. அப்புறந்தான் கிரில்லுக்கு வந்தேன்."

"வேணும்னே பூட்டினியா?"

"இல்ல. பூட்டினதே எனக்கு ஞாபகம் இல்ல."

"விட்டுட்டுப் போறவ எதுக்குப் பூட்டணும்?"

அவள் யோசித்தாள். இதற்கு மட்டும் பதில் இருந்தது. "நீங்க தூங்கிட்டிருந்தீங்க," என்றாள்.

அவன் அதைக் கேட்டு என்ன நினைத்தான் என்று முகத்தில் தெரியவில்லை. காயம்பட்ட விரலை டம்ளரின் சூட்டில் ஒத்திக்கொண்டான்.

பக்கத்து மாடிப் பெண்ணிடம் சரசா சொல்லிக்கொண்டிருந்தாள்: முன்யோசனைன்னா டீச்சருதான், காரு தப்பிச்சிது, துணிமணி தப்பிச்சிது. ரேணுகா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அது நல்ல கதைதான். சும்மா இருந்தால் போதும், தெரு முழுக்க அதைத்தான் பேசும். அக்காவுக்கு ஒரு போன் போட்டு, மழையால் வர முடியவில்லை என்று சொல்லிவிடலாம். தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவி, ஃபைலைப் பீரோவில் வைத்து, அடுத்த திங்கட்கிழமை...

"அக்கா," என்று கூப்பிட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. சரசா திரும்பினாள், பக்கத்து மாடிப் பெண்ணும் திரும்பினாள். "காரைக் காப்பாத்தறதுக்கு நான் போகலக்கா. எங்க அக்கா வீட்டுக்குப் போறதுக்குக் கிளம்பினேன். திரும்பி வர்றதா இல்ல."

சரசா எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவள் போல உள்ளே போய்விட்டாள்.

சேகர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பகல் வெளிச்சத்தில், கண்கள் சிவந்து, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு. "அவங்ககிட்ட சொல்ற," என்றான். "எங்கிட்ட சொல்லல."

"எப்போ சொல்றது?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கீழே ஏதோ கனமான ஒன்று சுவரில் மோதியது. இரண்டு பேருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இப்போ சொல்லு."

எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனைச் சமாதானப்படுத்துவதற்காக எதையும் சொல்லிவிடக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. போன தீபாவளிக்கு அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது தனியாக இதே படியில் வந்து உட்கார்ந்து ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பை ஒன்று விடாமல் கொளுத்தித் தீர்த்தாள், சத்தம் வராது என்பதால். அதிலிருந்து ஆரம்பித்தாள்.